வீட்டிலேயே பிரேக்கில் ஏர் எடுப்பது: ஆயில் சுத்தமாக வருகிறது, பெடல் மட்டும் மெத்தென்று இருக்கிறது

ஆழியாற்றங்கரை | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். வண்டி 2011ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. போன மாதம் ஒரு பட்டறையில் முன் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இரண்டையும் கழற்றி சீல் கிட் மாற்றினார்கள். பின் இடது வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் பாகம்) கசிந்துகொண்டிருந்தது, அதையும் புதிதாகப் போட்டார்கள். வண்டியை எடுத்து வந்ததிலிருந்து பெடல் சரியில்லை. முதல் மிதியில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பிடிக்கிற இடத்திலும் கெட்டியாக நிற்காமல் மெத்தென்று அமுங்குகிறது. இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் மேலே ஏறி வருகிறது. பட்டறையில் கேட்டால், "ஏர் எடுத்துத்தான் குடுத்தோம், ஓட ஓட சரியாயிடும்" என்கிறார்கள்.

அம்மா வால்பாறையில் இருக்கிறார். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. இந்தப் பெடலை நம்பி அந்த மலையில் இறங்க மனம் வரவில்லை. நானும் தம்பியும் சேர்ந்து பிரேக் லைனில் சிக்கிய காற்றை வீட்டிலேயே வெளியேற்றலாம், அதாவது ஏர் எடுக்கலாம் என்று இருக்கிறோம். என்னென்ன வேண்டும், எந்த வீலில் தொடங்குவது, எந்த ஆயில் ஊற்றுவது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக் | வெள்ளி, இரவு 10.25

ஓட ஓட சரியாகாது தம்பி. உள்ளே நின்றுவிட்ட காற்று தானாக வெளியே போக வழி கிடையாது. சரிசெய்யும் வரை வண்டியைத் தெருவில்கூட எடுக்காதீர்கள்.

வேண்டியவை: புதிதாக வாங்கிய, சீல் உடைக்காத பிரேக் ஆயில் ஒரு லிட்டர். நிப்பிளுக்கு, அதாவது வீலில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகுக்கு, சரியான ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 இருக்கும், ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நிப்பிள் முனை உருண்டுவிடும்). மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற டியூப் ஒரு மீட்டர். ஒரு காலி பாட்டில். ஜாக்கி மட்டும் போதாது, கட்டாயம் ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குக் கீழே கை நீட்டக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் நல்லது.

வரிசை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளுவது) தூரமானது முதலில். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் வலது பக்கம். அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வண்டிக் கையேட்டில் வேறு வரிசை போட்டிருந்தால் அதுதான் சரி. குறுக்காகப் பிரித்த லைன் உள்ள சில வண்டிகளுக்கு வரிசை மாறும்.

முதலில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவில் இருக்கும் கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். அந்தக் கறுப்பு முழுவதையும் லைன் வழியாகத் தள்ளுவது வீண் வேலை.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, தம்பி உள்ளே, நீங்கள் வீலுக்குப் பக்கத்தில். டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வைத்த ஆயிலுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். நீங்கள் "மிதி" என்றால் அவர் மெதுவாக மிதித்து, "மிதிச்சாச்சு" என்று பதில் சொல்லி, காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் வரும், பெடல் இறங்கும். பெடல் இறங்கி முடிவதற்குள் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் "விடு" சொல்ல வேண்டும். இந்த ஒன்றில் தவறினால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நின்று, புது நிறத்தில் ஆயில் வரும்வரை இதேதான். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். டப்பா வற்றி மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். அன்றாடம் சீல் போய் வராத பகுதியில் சிலிண்டருக்குள் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். சீல் அதுவரை போனால் உதடு கிழியும், நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் அன்றைக்கே கெட்டுப்போகும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள்.

ஹைவே 44 | வெள்ளி, இரவு 11.05

இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலையா? மற்றதைச் செய்து பாருங்கள், பிரேக்கை வேறு ஒரு நல்ல பட்டறைக்கு விடுங்கள். தவறினால் உங்களுக்கு மட்டும் ஆபத்து இல்லை, எதிரே வருகிறவருக்கும்தான்.

ஓட்டுநர் மகள் | சனி, காலை 6.50

ஹைவே சார், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இவர் வண்டி பட்டறைக்குப் போய்த்தான் இந்த நிலையில் வந்திருக்கிறது. ஏர் எடுப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை, பொறுமை தேவை. நாலு வீலுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிற வேலையை இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடி பட்டறையில் இருக்கும், வீட்டில் இல்லை. அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். எங்கள் வண்டிக்கு நானேதான் செய்கிறேன். முடித்த பிறகு பெடல் கெட்டியாக இல்லாவிட்டால் வண்டியை நகர்த்தாமல் இருக்கத் தெரிய வேண்டும், அந்தக் கட்டுப்பாடு இருந்தால் போதும்.

மிதிக்க ஆள் இல்லாதவர்களுக்காக: ஒருவழி வால்வு வைத்த டியூப் கிடைக்கிறது, தனியாகச் செய்யலாம். டியூபை நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி ஒரு வளைவு கொடுத்துப் பிறகு பாட்டிலுக்கு இறக்கினால் குமிழி திரும்பி வராது. கையால் உறிஞ்சும் வாக்குவம் பம்பும் இருக்கிறது. ஆனால் அதில் உறிஞ்சும்போது நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வரும். ஆயிலே தீர்ந்தாலும் குமிழி நிற்காது, லைனுக்குள் காற்று இருப்பதாக நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேர் இருக்கும்போது பழைய மெக்கானிக் ஐயா சொன்ன முறையே போதும்.

ரப்பர் சீல் | சனி, காலை 8.15

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. மலைக்குப் போகிறவர் என்பதால் இது முக்கியம்.

நம் கார்களில் ஊற்றுவது கிளைக்கால் வகை ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் சேரும். வண்டி ஓடினாலும் சேரும், நிறுத்தியே வைத்திருந்தாலும் சேரும். அதனால்தான் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுவார்கள்.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் 140 தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. டாட் 4க்கு இது 230, 155. டாட் 5.1க்கு 260, 180. மலையிலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால், பழைய ஆயில் கேலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போகும். கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் நிறுத்தினால் ஆறி, பெடல் திரும்ப வந்துவிடும். மறுநாள் பட்டறையில் காட்டினால் எந்தக் குறையும் தெரியாது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்ன ஓட்டுநரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் வண்டி டப்பா மூடியில் டாட் 3 என்றிருந்தால் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே இனம். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன், இதோடு சேராது. 5.1 என்பது வேறு, அது கிளைக்கால்தான். எண் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் பார்த்து வாங்குங்கள். திறந்து பல மாதம் ஷெல்ஃபில் இருந்த பாட்டிலும் வேண்டாம், அதற்குள்ளும் ஈரம் போயிருக்கும். வீலிலிருந்து எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்றவே கூடாது.

பவர் ஸ்டியரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ கைதவறிக்கூட அந்த டப்பாவில் விழக்கூடாது. ஒரு முறை விழுந்தால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை மாற்ற வேண்டும்.

ஆயில் புதிது என்பதற்காகப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். வண்டியின் மொத்த வேகத்தையும் நாலு பேடும் ஷூவும் தாங்க வேண்டியிருக்கும்.

ஸ்காபரோ தமிழன் | சனி, மாலை 5.30

இங்கே கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், அதனால் நிப்பிள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். வலிமையாகத் திருகினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். உங்கள் ஊரில் உப்பு இல்லாவிட்டாலும் வண்டி பழசு, மழைக்காட்டுப் பக்கம் ஓடுகிறது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கோ. திறக்கும்போது முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு திறக்கும் பக்கம். நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினாலும் இளகும். வேலை முடிந்ததும் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கோ, அடுத்த முறை லேசாக இருக்கும். மூடும்போது அளவுக்கு மிஞ்சி இறுக்க வேண்டாம், சின்ன மரைதான்.

ஆழியாற்றங்கரை | ஞாயிறு, மதியம் 2.10

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை செய்து முடித்தோம். டாட் 4 வாங்கினேன். பின் இடதில் முதலில் நிறையக் குமிழி வந்தது, பிறகு நின்றுவிட்டது. மற்ற மூன்றிலும் தேன் நிறத்தில் சுத்தமாக வருகிறது, குமிழியே இல்லை. டப்பா ஒரு தடவையும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

பெடல் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் சரியில்லை. முதல் மிதியில் இன்னும் ஆழமாக இறங்குகிறது, மெத்தென்று இருப்பதும் போகவில்லை. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

பழைய மெக்கானிக் | ஞாயிறு, மதியம் 2.45

மாஸ்டர் சிலிண்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் பெடல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இன்ஜினை அணைத்து, நாலைந்து தடவை மிதித்து, பெடலுக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிட்டு, ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்து வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், ஒன்று எங்கோ கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. அப்படியே நின்றால் மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட வேண்டாம்.

அடித்து மிதித்தால் உயர்கிறது என்றீர்கள். டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி அதிகம் இருந்தாலும் அப்படித்தான் ஆகும். முதல் மிதி ஷூவை நகர்த்தவே செலவாகிவிடும். வீல் சிலிண்டர் மாற்றும்போது ஷூவைக் கழற்றியிருப்பார்கள்; திரும்பப் போடும்போது அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைச் சுருக்கி வைத்து அப்படியே விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஹேண்ட்பிரேக் எத்தனை பல் ஏறுகிறது?

ஆழியாற்றங்கரை | ஞாயிறு, மாலை 3.20

பெடல் ஒரு நிமிடமும் அசையாமல் நின்றது. ஹேண்ட்பிரேக் மேலே வரை வருகிறது, பத்துப் பல்லுக்கு மேல்.

பழைய மெக்கானிக் | ஞாயிறு, மாலை 3.35

அப்படியென்றால் டிரம்தான், பாதிக் காரணம் அது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கிவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, டிரம்மைப் போட்டுச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் அளவில் விடுங்கள். வண்டிக்கு வண்டி அட்ஜஸ்டர் அமைப்பு மாறும், கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

முதலில் டிரம்மைச் சரிசெய்த பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை இறுக்கி ஹேண்ட்பிரேக் பல்லைக் குறைப்பது குறையை மூடி வைப்பது.

ஆழியாற்றங்கரை | திங்கள், இரவு 8.30

ஐயா சொன்னது போலவே இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் முழுதாகச் சுருங்கித்தான் இருந்தது. சரிசெய்தேன். இப்போது ஹேண்ட்பிரேக் ஆறு பல்லில் பிடிக்கிறது, பெடலும் உயரத்தில் நிற்கிறது. ஆனால் அந்த மெத்தென்ற அமுக்கம் அப்படியேதான் இருக்கிறது. நாலு வீலிலும் திரும்ப ஏர் எடுத்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

ஓட்டுநர் மகள் | திங்கள், இரவு 9.05

எந்த வீலில் காற்று இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ரப்பர் ஹோஸைப் பிடிக்கவென்றே உருண்டை முனையோடு கிளாம்ப் விற்கிறார்கள். முன் ஹோஸ் இரண்டையும் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் குறை முன்னால். மெத்தென்றே இருந்தால் பின்னால், இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில்.

ரப்பர் சீல் | திங்கள், இரவு 9.20

கிளாம்ப் யோசனையை நான் முழு மனதாக ஏற்க மாட்டேன். 2011 வண்டியின் ஹோஸ் அசலாக இருந்தால் இவ்வளவு காலத்தில் ரப்பர் விறைத்திருக்கும். நசுக்கினால் உள் சுவர் விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஹோஸ் புதிதா என்று முதலில் பாருங்கள். பழசென்றால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்றப்போகிற ஹோஸில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஓட்டுநர் மகள் | திங்கள், இரவு 9.30

சரிதான். பழைய ஹோஸ் ஊதிக்கொடுத்தாலும் பெடல் மெத்தென்றுதான் இருக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், உப்புகிறதா என்று தெரியும். முன் கேலிப்பர் இரண்டையும் வீலைக் கழற்றிவிட்டு நேராகப் படம் எடுத்துப் போட முடியுமா?

ஆழியாற்றங்கரை | செவ்வாய், காலை 7.15

ஹோஸ் போன வருடம் மாற்றியது, உப்பவில்லை. முன் இடது, முன் வலது இரண்டு படமும் இணைத்திருக்கிறேன்.

பழைய மெக்கானிக் | செவ்வாய், காலை 7.40

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிப்பிள் எங்கே இருக்கிறது? ஹோஸ் சேருகிற இடத்துக்குக் கீழே, கேலிப்பரின் அடிப்பக்கத்தில். இரண்டு பக்கமும் அப்படியே. சீல் கிட் போட்டுவிட்டு இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். போல்ட் துளை பொருந்திவிடும், பேடும் பொருந்தும், வண்டி ஓடும், நிற்கவும் நிற்கும். நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும், காற்று அங்கேதான் போய்த் தங்கும். உங்கள் வண்டியில் காற்று மேலே பிஸ்டனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, ஆயில் அடியில் உள்ள நிப்பிள் வழியாகச் சுத்தமாக வெளியே போகிறது. பத்து லிட்டர் ஊற்றினாலும் ஒரு குமிழி வராது.

ஸ்காபரோ தமிழன் | செவ்வாய், காலை 8.00

ஹோஸும் முறுக்கி நிற்கிறது, வலப் படத்தில் தெரிகிறது. ஸ்டியரிங்கை ஒரு கரை முழுதாகத் திருப்பினால் டயரில் உரசக்கூடும். அதையும் பாருங்கோ.

ரப்பர் சீல் | செவ்வாய், காலை 8.20

கேலிப்பரை மாட்டியபடியே விட்டு, ஏர் எடுக்கும்போது மட்டும் கழற்றி நிப்பிள் மேலே இருக்கும்படி தூக்கிப் பிடிக்கிற வழி ஒன்று உண்டு. பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்துச் செய்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம். ஹோஸ் முறுக்கியிருக்கிறது, அடுத்த முறை ஆயில் மாற்றும்போதும் இதே தொல்லை வரும். பக்கம் மாற்றி மாட்டுவதுதான் வேலை.

ஹோஸைக் கழற்றும்போது அதைக் கேலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் உள்ள வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஒரு முறை நசுங்கிய வாஷர் அடுத்த முறை கசியும். கழற்றிய ஹோஸ் முனையில் பாலிதீன் சுற்றி உயர்த்திக் கட்டி வைத்தால் டப்பா வற்றாது. கேலிப்பர் ஹோஸில் தொங்கக்கூடாது, கம்பி போட்டுக் கட்டுங்கள். கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மட்டும் போடுங்கள், சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை ஊதச் செய்யும். போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டால் பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் பேடை மாட்டாதீர்கள்.

ஹைவே 44 | செவ்வாய், காலை 10.10

நல்ல பட்டறைக்கு விடுங்கள் என்று சொன்னவன் நான். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: வண்டியை யாரிடம் விட்டாலும், வாங்கும்போது வீல் வழியாக எட்டிப் பார்த்து நிப்பிள் மேலே இருக்கிறதா என்று எல்லாருமே பார்க்கலாம்.

ஆழியாற்றங்கரை | சனி, மாலை 6.00

முடிந்தது. கேலிப்பர் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டினோம். முன் இடது நிப்பிளைத் திறந்ததும் ஆயிலைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது, பாட்டிலில் கொதிப்பது போல் குமிழி. ரப்பர் சுத்தியலால் கேலிப்பரைத் தட்டிக்கொண்டே எடுத்தோம், தங்கியிருந்த சின்னக் குமிழிகளும் வந்தன. இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது, அழுத்தினால் கெட்டியாக நிற்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது காலின் கீழ் கொஞ்சம் இறங்கிப் பிறகு நின்றது.

ஒருவர் முழு பலத்தோடு மிதிக்க, மற்றவர் நாலு வீலையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் ஈரம் இல்லை. தெருவுக்குள் முதல் கியரில், ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடி ஓட்டிப் பார்த்து, பிறகு ஆளில்லாத சாலையில் 30, 40 வேகத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கமும் இழுக்கவில்லை. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் ஒருமுறை டப்பா அளவும் ஹோஸ் முனைகளும் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போவேன்.

எடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது?

ரப்பர் சீல் | சனி, மாலை 6.25

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடிபோட்ட பாட்டிலில், பெயர் எழுதி, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் தனியாகக் கொடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவரை உயரத்தில் வையுங்கள், அது விஷம்.

நீலகிரித் தேயிலை | ஞாயிறு, காலை 9.15

இழையை முழுதும் படித்தேன். என் வண்டி ஏபிஎஸ் உள்ளது. இதே முறையில் ஆயில் மாற்றலாமா, கம்ப்யூட்டர் வேண்டுமா?

பழைய மெக்கானிக் | ஞாயிறு, காலை 9.50

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு, அதனால் இந்தக் கேள்வி பலருக்கும் வரும். லைனுக்குள் காற்று போகாமல், டப்பா வற்றாமல், பழைய ஆயிலைத் தள்ளிப் புதியதை நிரப்புவது மட்டும் என்றால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதே முறை போதும். கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மட்டும் அதன் வால்வையும் பம்பையும் ஸ்கேனர் வைத்து இயக்கித்தான் எடுக்க முடியும், அது பட்டறை வேலை. பேடு மாற்றும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவீர்களே, அப்போது நிப்பிளைத் திறந்து அந்த அழுக்கு ஆயிலை வெளியே விட்டுவிடுங்கள். மூடி வைத்துத் தள்ளினால் அது நேராக ஏபிஎஸ் யூனிட்டுக்குத்தான் திரும்பிப் போகும்.